பன்னிரண்டாம் நாற்காலி

வேம்படித்துறைக் கடற்கரையில் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாசலில் வேலை பார்த்தவர் கயித்தானார். சுட்ட சிப்பியில் தண்ணீர் ஊற்றினால் அது அடுப்பில்லாமலே கொதிக்கும். அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்று மண்வெட்டியால் கிளறிவிடுவது அவருடைய வேலை. முப்பது ஆண்டு அப்படி நின்றதில் அவருடைய பாதங்கள் வெளுத்து, வெடித்து, நகமில்லாமல் போயிருந்தன. ஊரார் அவரைச் சுண்ணாம்புக்காலன் என்றே கூப்பிட்டார்கள்.

விடிந்ததும் முதலில் சூசையப்பர் கோயிலுக்குத்தான் போவார். தீர்த்தத் தொட்டியில் நீர் நிறைத்துவிட்டுக் கடைசித் தூணுக்குப் பின்னால் முழந்தாளிடுவார். மற்றவர்களுக்கு ஆண்டவரிடம் கேட்க ஒரு பட்டியலே இருக்கும். இவர் சொல்வது ஒரே வரிதான்.

"ஆண்டவரே, இன்னைக்கும் ஒரு குறையுமில்ல."

மனைவியை அடக்கம் செய்த மறுநாளும் அதையேதான் சொன்னார். ஏழு விசைப்படகு வைத்திருந்த சந்தியாகு முதலாளிக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "மாத்து வேட்டிக்கு வழியில்ல, இவன் குறையில்லங்கான். அப்ப நாங்க கேக்குறதெல்லாம் பேராசையா வே?" என்று கோயில் வாசலிலேயே கத்தியிருக்கிறார். பதில் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவு எரிச்சல் ஏன் வருகிறது?

ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்டதற்கு முந்தைய நாளான பெரிய வியாழன் மாலைப் பூசையில், அவர் தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, கோயில் பாதிரியாரான பங்குச்சாமி பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவி முத்தமிடுவது வழக்கம். வேம்படித்துறையில் அந்தப் பன்னிரண்டு நாற்காலிக்கும் சீடர்களின் பெயர் உண்டு, குடும்ப உரிமையும் உண்டு. முதல் நாற்காலி தலைமைச் சீடரான இராயப்பருடையது. அதில் உட்காருவது சந்தியாகு முதலாளி. வீட்டிலேயே மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் பூசிய காலைத்தான் அவர் சாமியிடம் நீட்டுவார். கடைசி நாற்காலி யூதாசுடையது. ஆண்டவரையே காட்டிக்கொடுத்தவன் பெயரில் உட்கார எவன் வருவான்? அது காலியாகவே கிடந்தது.

ஒரு ஆண்டு, புதிதாக வந்திருந்த வயதான பங்குச்சாமி ஒரே பிடியாக நின்றுவிட்டார். "ஆண்டவரு பன்னெண்டு பேருக்குக் கழுவினாரு. ஒரு ஆளு குறைஞ்சாலும் நான் கழுவ மாட்டேன்."

"அதுக்கென்ன சாமி, நம்ம சுண்ணாம்புக்காலன் இருக்கான்லா!" என்றார் முதலாளி. கோயிலே சிரித்தது. கயித்தானார் மட்டும் கல்யாணப் பந்திக்குக் கூப்பிட்டதுபோல ஓடிவந்து உட்கார்ந்தார்.

அன்றோடு அவர் பெயர் யூதாஸ் ஆயிற்று. காளவாசலில் யூதாஸ், மீன் ஏலக் களத்தில் யூதாஸ். அந்த வாரத்துச் சனிக்கிழமை அவர் குடிசை வாசலில் வைக்கோல் பொம்மை ஒன்றைத் தூக்கில் தொங்கவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர் கயிற்றை அவிழ்த்து, வைக்கோலைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டார். ஒன்பது ஆண்டு இது விடாமல் நடந்தது.

ஒன்பதாம் ஆண்டில் அவருடைய ஒரே மகள் ரோணிக்கத்துக்கு ஒரு வரன் வந்தது. பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய் வெற்றிலைத் தட்டைத் தொடவில்லை. "யூதாஸ் மவளக் கூட்டிட்டுப் போனா எங்க ஊருல சிரிப்பாங்க. அந்த நாற்காலிய விட்டுருங்க. மறு வாரமே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிருவோம்," என்றாள்.

அவர்கள் போனதும் மகள் அவர் காலில் விழுந்தாள். "யப்பா, எனக்காவ விட்டுருங்க. வெறும் நாற்காலிதானப்பா."

"யம்மா, யூதாஸ் காலையும் ஆண்டவரு தொட்டுத்தான் கழுவினாரு. நான் போவலைன்னா, துண்டைக் கட்டிட்டுக் குனிஞ்சு வாறவரு, கழுவ ஒரு கால் இல்லாமத் திரும்பிப் போவணுமேம்மா."

இந்த இடத்தில் எனக்கும் அவர்மேல் கோபம் வரத்தான் செய்கிறது. வரன் கலைந்தது. ரோணிக்கம் அன்று முதல் தகப்பனோடு பேசவில்லை. சோறு வைப்பாள், முகம் பார்க்க மாட்டாள். மறுநாள் தூணுக்குப் பின்னால் அவர் வெகுநேரம் முழந்தாளிட்டிருந்தார். அந்த ஒரு வரியைச் சொல்லி முடிக்க அன்று அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

பத்தாம் ஆண்டு தவக்காலத்தில் மாதா சுரூபத்தின் தலையிலிருந்த வெள்ளி முடி, அந்தக் கிரீடம், காணாமல் போனது. "யூதாஸ் எடுக்காம வேற யாரு எடுப்பா?" என்றார் சந்தியாகு முதலாளி. அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை. பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், முதலாளியின் ஆட்கள் காளவாசலுக்கு வந்தார்கள்.

"முடி எங்கலே?"

"தெரியாதுய்யா."

கொதித்துக்கொண்டிருந்த சுண்ணாம்புக் குழியில் கயித்தானாரை இறக்கி நிறுத்தி, தோளை அமுக்கிப் பிடித்தார்கள். கேட்டார்கள், மறுபடியும் கேட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

புதன்கிழமை முடி கிடைத்தது. முதலாளியின் மனைவி மெருகு போடக் கொண்டுபோய்த் தன் பீரோவில் வைத்து மறந்துவிட்டிருந்தாள். "அதான் கிடைச்சிட்டுல்லா, விடுங்க," என்றார் முதலாளி. கயித்தானார் குடிசையை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

வியாழன் மாலை கோயில் மணி அடித்தது. காய்ச்சலில் கிடந்தவர் எழ முயன்று விழுந்தார். ஓராண்டாகப் பேசாதிருந்த மகள் அவர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"கழுவ வாறவரு திரும்பிப் போவக் கூடாதுன்னீயளே. ஏறுங்கப்பா."

தகப்பனைச் சுமந்துகொண்டே கோயிலுக்குள் நுழைந்து பன்னிரண்டாம் நாற்காலியில் இறக்கினாள். சிரிக்க வாயெடுத்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்து அடங்கினார்கள். சாமி பவுடர் மணத்த காலில் தொடங்கி, பதினோரு பேரை முடித்து, கடைசியில் குனிந்து துணிக்கட்டை அவிழ்த்தார். சதை வெந்து உரிந்திருந்தது. இரண்டு பாதங்களின் நடுவிலும், ஒரே இடத்தில், சுண்ணாம்பு குடைந்த ஓட்டை.

சாமி அதைப் பார்த்தார். பீடத்துக்கு மேலே, பாதங்களில் ஆணி அறைந்திருந்த பாடுபட்ட சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பாதங்களை இரு கையிலும் ஏந்தினார்.

"இந்தக் காலு எனக்குத் தெரியும்," என்றார். "தெனமும் பூசையில பாக்கேன்."

தண்ணீர் பட்டால் உயிர் போகிற புண். கயித்தானார் முகம் சுளிக்கவில்லை. சாமி கழுவி முத்தமிட்டபோது, "வந்துட்டீரா ஆண்டவரே, ஒரு குறையுமில்ல," என்றார். சாமி துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது கயித்தானாரின் உயிர் பிரிந்திருந்தது. சந்தியாகு முதலாளி தம் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு அந்தப் பன்னிரண்டாம் நாற்காலிக்குத்தான் அடிதடி. தமக்கே வேண்டும் என்று முதல் ஆளாக வந்து நின்றவர் சந்தியாகு முதலாளி! பங்குச்சாமி அதை ரோணிக்கத்துக்குக் கொடுத்தார். தகப்பன் பார்த்த காளவாசல் வேலையை இப்போது பார்த்துவந்த அவள், அங்கிருந்து நேரே வந்து, வெளுத்த கால்களோடு அதில் உட்கார்ந்தாள்.

எல்லாம் இருந்தும் குறைபட்டுக்கொண்ட ஊரில், குறையில்லை என்று சொல்லியே வாழ்ந்து முடிந்த கயித்தானாரின் வெந்த பாதங்களுக்கு நம் வணக்கம்.