மந்தி தின்ற காப்பிப் பழம்

காப்பித் தோட்டத்தை ஒட்டிய மலைச்சரிவில் வாலன் என்ற மந்தி இருந்தது. அதன் வேலை காவல். நாவல் மரத்தின் உச்சிக் கிளையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கீழே புள்ளிமான்கள் மேயும். சிறுத்தையின் வால் நுனி தெரிந்தால் போதும், "க்ஹாக்! க்ஹாக்!" என்று கத்தும். மான்கள் ஒரே பாய்ச்சலில் ஓடையைத் தாண்டிவிடும்.

உச்சிவேளையில் மட்டும் காவல் கிடையாது. மான்கள் மூங்கில் புதருக்குள் படுத்து அசைபோடும். வாலன் கிளையில் கவிழ்ந்து, கையையும் காலையும் தொங்கவிட்டுக்கொண்டு தூங்கும். நல்ல தூக்கம்! குறட்டைகூட உண்டு.

அந்த வருஷம் மழை ஓய்ந்து புல் தழைத்தபோது, கொன்றை என்ற பெண்மான் ஒரு குட்டி ஈன்றது. குட்டிக்கு முன்கால் ஒன்றில் வலுவில்லை. நடக்கும். ஓட வராது. போதாததற்கு, பக்கத்து மலையிலிருந்து ஒரு சிறுத்தையும் இந்தச் சரிவுக்கு வந்து சேர்ந்தது.

கொன்றை நாவல் மரத்தடிக்கு வந்து நின்றது.

"வாலண்ணே, நல்லாப் பால் குடிச்சாத்தான் என் குட்டிக்குக் கால் தேறும். நான் நல்லா மேஞ்சாத்தான் பால் ஊறும். உச்சிவேளையிலயும் மேயணும் அண்ணே. நீ கொஞ்சம் முழிச்சுப் பாத்துக்கிறியா?"

பாவம், தாய் மனசு! வாலனால் மறுக்க முடியவில்லை.

"அதுக்கென்ன தங்கச்சி, பாத்துக்கிறேன்!" என்றது.

சொல்வது சுலபம். முதல் நாள் உச்சிவெயில் ஏறியதும் வாலனின் கண் சொருகியது. தலை தொங்கித் தொங்கி நிமிர்ந்தது. கிளையிலிருந்து விழாதது அதன் நல்ல நேரம்.

மறுநாள் காலையில் அது காப்பித் தோட்டத்து வேலியோரம் போனது. சிவந்த பழம் ஒன்றைப் பறித்து, அவசரத்தில் கொட்டையோடு சேர்த்து மென்று விழுங்கியது. ஒரே கசப்பு!

ஆனால் உச்சிவேளை வந்தது. தூக்கம் வரவில்லை!

"அட! எறும்புக்கு மீசை இருக்கறது இங்கிருந்தே தெரியுதே!" என்று துள்ளியது வாலன். அன்று தூரத்துப் பாறை மறைவில் சிறுத்தையின் காது அசைந்ததைக்கூடக் கண்டுபிடித்துவிட்டது. மான்கள் சாவகாசமாக நடந்தே ஓடையைக் கடந்தன.

"இப்படி ஒரு காவலாளி எந்தக் காட்டுல இருக்கான்!" என்று எல்லா மான்களும் புகழ்ந்தன. வாலனுக்குப் பெருமை தாங்கவில்லை. இருக்காதா பின்னே!

அதற்குப் பிறகு தினமும் காப்பிப் பழம்தான். முறுக்கன் என்ற ஆண்மான் ஒருபடி மேலே போனது. வேலியோரம் பழுத்துத் தொங்கும் காப்பிக் கிளைகளை வாயால் ஒடித்துக்கொண்டு வந்து மரத்தடியில் போட்டது.

"சாப்பிடு வாலா, சாப்பிடு! நீ முழிச்சிருந்தாத்தான் எங்களுக்கு நிம்மதி!"

கொஞ்ச நாள் போனது. ஒரு பழம் தின்றால் வாலனுக்குக் கொட்டாவி வந்தது. ஒரு பிடி தின்றது. கண் திறந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனது. ஒரு பிடிக்கும் கொட்டாவி வந்தது. ஒரு கிளையையே உருவித் தின்றது. கண் திறந்தது, ஆனால் கை நடுங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இரவில் எல்லா மந்திகளும் தூங்க, இது மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தது.

பிறகுதான் கூத்து ஆரம்பித்தது.

காய்ந்த இலை ஒன்று ஆடியது. "க்ஹாக்! க்ஹாக்!" மான்கள் விழுந்தடித்து ஓடின.

மயில் ஒன்று தோகையை இழுத்துக்கொண்டு போனது. "க்ஹாக்! க்ஹாக்!" மறுபடியும் ஓட்டம்.

தன்னுடைய வாலின் நிழலைப் பார்த்தே ஒரு முறை கத்தியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

முறுக்கனுக்குக் கோபம் வந்தது. "என்னப்பா விளையாடறியா? வாய்ல வெச்ச புல்லை முழுங்க விடமாட்டேங்கறே!"

கொன்றை கோபப்படவில்லை. அழுதது. "ஓடி ஓடி எனக்குப் பாலே வத்திப்போச்சு அண்ணே. குட்டி கால் நோகுதுன்னு படுத்துக் கிடக்கு" என்றது.

வாலனுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் ஒரு பழமும் தொடாமல் இருந்து பார்த்தது. ஐயோ, அந்த வேதனையை எங்கே போய்ச் சொல்வது! மண்டை விண் விண் என்று தெறித்தது. காலையிலேயே கண் மூடிக்கொண்டது. பயந்துபோய் ஒரு பிடி பழத்தை அள்ளித் தின்றது. தலைவலி போனது. அவ்வளவுதான். எறும்பின் மீசை தெரியவில்லை. எறும்பே தெரியவில்லை!

அருகில் ஒரு மரப்பொந்தில் மூக்கன் என்ற மரநாய் குடியிருந்தது. இரவெல்லாம் காப்பிப் பழம் தின்பதும் பகலெல்லாம் தூங்குவதும்தான் அதன் பிழைப்பு. வாலன் போய்ப் பொந்தைத் தட்டியது.

"எவன்டா அவன், பகல்ல தூங்கறவனை எழுப்பறது!" என்று சீறிக்கொண்டு தலையை நீட்டியது மூக்கன். "ஓ, நீயா! வேலியோரத்துப் பழத்தை எல்லாம் மொட்டையடிச்சது நீதானே? இப்ப தூக்கத்தையும் கெடுக்க வந்துட்டியா?"

"கோவிச்சுக்காதே மூக்கா. நீயும்தான் இதே பழத்தைத் திங்கறே. நீ மட்டும் எப்படி இப்படித் தூங்கறே?"

"நான் சதையைத் திங்கறேன். கொட்டையை முழுசா விழுங்கி முழுசா வெளியே தள்ளிடறேன். நீ கொட்டையை மெல்றியா?"

"ஆமா. அதுதானே எனக்குப் பலம் குடுத்துது!"

மூக்கன் சிரித்த சிரிப்பில் பொந்தே அதிர்ந்தது.

"பலமாவது ஒண்ணாவது! களைப்பு வந்து உன் கதவைத் தட்டும். அந்தக் கொட்டை உன் காதை அடைக்கும். தட்டற சத்தம் கேக்காது, அவ்வளவுதான். களைப்பு எங்கேயும் போகலை. வாசல்லயேதான் நிக்குது!"

"முதல் நாள் ஒரே பழத்துல ஜோரா இருந்துதே?"

"அன்னைக்கு இருந்தது ஒரு கதவு. சத்தம் கேக்கலைன்னதும் உடம்பு சும்மா இருக்குமா? இன்னும் நாலு கதவைத் திறந்துவிட்டுடுச்சு. இப்ப எல்லாப் பக்கமும் தட்டறாங்க. ஒரு பழம் எந்த மூலைக்குப் பத்தும்? அதனால அள்ளி அள்ளித் திங்கறே. கை நடுங்குது, நெஞ்சு அடிக்குது. தூக்கமும் இல்லை, தெளிவும் இல்லை. அந்தக் கண்ணுக்கு இலையும் சிறுத்தையாத்தான் தெரியும்."

"அப்ப நிறுத்தினா?"

"நிறுத்தின புதுசுல எல்லாக் கதவும் ஒண்ணா இடிபடும். மண்டை பிளக்கற மாதிரி இருக்கும். ஓடிப்போய்த் திரும்பப் பழத்தைத் தேடாதே. கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கோ. நல்லாத் தூங்கு. வேண்டாத கதவை உடம்பே மூடிடும். போ போ, எனக்குத் தூக்கம் வருது!"

வாலன் திரும்பி வந்தது. வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. 'தூங்கப் போறேன்னு சொன்னா மான்கள் என்ன நினைக்கும்? எந்தக் காட்டுலயும் இல்லாத காவலாளின்னு புகழ்ந்துச்சுங்களே! சொல்லாமலே உட்கார்ந்திருந்தா என்ன? யாருக்குத் தெரியப் போகுது?'

மரத்தடியில் கொன்றையின் குட்டி படுத்திருந்தது. வாலனைப் பார்த்ததும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டது. வாலன் அதற்கு மேல் யோசிக்கவில்லை. நேராக எல்லா மான்களையும் கூப்பிட்டது.

"என்னை மன்னிச்சிடுங்க. என் கண்ணு இப்ப நம்பற மாதிரி இல்லை. நான் கொஞ்ச நாள் தூங்கணும். அதுவரைக்கும் நான் கத்தினாலும் நம்பாதீங்க, கத்தலைன்னாலும் நம்பாதீங்க!"

மான்கள் திகைத்தன. முறுக்கன் வாயைத் திறக்கப் போனது. அதற்குள் கொன்றை முன்னால் வந்தது.

"உச்சிவேளையில முழிக்கச் சொன்னது நான்தானே அண்ணே. பழம் கொண்டாந்து குவிச்சது முறுக்கன். நீ மட்டுமா தப்புப் பண்ணினே? போய்த் தூங்கு. எங்களுக்கும் மூக்கு இருக்கு, காது இருக்கு."

அன்று முதல் மான்கள் பழையபடி உச்சிவேளையில் மூங்கில் புதருக்குள் படுத்தன. குட்டிகளை நடுவில் விட்டு, பெரியவை மூக்கை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டன. வாலன் பழத்தைக் குறைத்துக் குறைத்து நிறுத்தியது. முனகியது, புரண்டது, தலையைப் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் உச்சிவேளையில் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிப்போனது.

அன்று பார்த்துச் சிறுத்தை வந்தது!

காற்று மாறி வீசியது. முறுக்கனின் மூக்கு விடைத்தது. அது முன்காலைத் தரையில் தட்டியது. ஒரு மானும் பதறவில்லை. எழுந்து, கொன்றையின் குட்டியை நடுவில் விட்டு, ஓடையின் ஆழமில்லாத பக்கமாக மெல்ல நடந்தே அக்கரை சேர்ந்தன. சிறுத்தை புதருக்குள் பாய்ந்தபோது அங்கே சூடான தரைதான் இருந்தது! நிமிர்ந்து பார்த்தது. உச்சியில் மெல்லிய கிளையில் வாலனின் குறட்டை கேட்டது. அந்தக் கிளை தன்னைத் தாங்காது என்று சிறுத்தைக்குத் தெரியும். உறுமிவிட்டு வந்த வழியே போய்விட்டது.

சாயங்காலம் வாலன் கண் விழித்து நடந்ததைக் கேட்டது. கிளையிலிருந்து தாவி இறங்கியது.

"ஐயையோ! நான் தூங்கிட்டேனே! குட்டிக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலை, இதோ பால் குடிக்குது!" என்றது கொன்றை. "நீ அன்னைக்கு உண்மையைச் சொன்னியே, அதுதான் காப்பாத்திச்சு. சொல்லாம இருந்திருந்தா, நாங்க உன் குரலுக்காகக் காத்துக்கிட்டே படுத்திருப்போம். கடைசி நேரத்துல எல்லாரும் ஓடியிருப்போம். இவன் எப்படி அண்ணே ஓடியிருப்பான்?"

வாலன் பெருமூச்சு விட்டது. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கினாற்போல் இருந்தது. கொன்றையும் சிரித்தது, முறுக்கனும் சிரித்தது.

"அப்ப நான் இன்னும் கொஞ்சம் தூங்கட்டுமா?" என்று கேட்டது வாலன்.

"தாராளமா!" என்றன மான்கள்.

களைப்பை மறைக்கிற எதுவும் நாளாக ஆக அதைப் பெருக்கத்தான் செய்யும். அதனால், முடியாதபோது முடியவில்லை என்று சொல்லி ஓய்வெடுப்பதே தனக்கும் தன்னை நம்பியவர்களுக்கும் நல்லது.