கொம்பையாவின் பம்பரம்

ஆசான் பொன்னுரங்கம் ஆற்றங்கரையிலிருந்த தன் வீட்டில் சித்திரக்கவி கற்பித்துவந்தார். சொற்களையே கோடுகளாக எழுதி உருவம் காட்டும் கவி அது. அன்று சீடர்கள் தங்கள் மனசுக்கு நெருக்கமான ஒரு பொருளைக் கொண்டுவந்து, அதன் வடிவிலேயே எழுதிக் காட்ட வேண்டும்.

ஒருத்தி தோசைக்கல்லைப் பற்றி வட்டமாக எழுதியிருந்தாள். வாசித்தால் பசிக்கிறதே தாயே என்றார் ஆசான். எல்லோரும் சிரித்தார்கள். திருமேனி மட்டும் சிரிக்கவில்லை.

அவன் மடியில் ஒரு பம்பரம் இருந்தது. போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோன தம்பி கொம்பையாவுடையது. சாட்டைக் கயிறு சுற்றியபடியே இருந்தது. தம்பி சுற்றிவிட்டு வீசப்போகும்போதுதான், உடம்பு சுடுகிறதென்று அம்மா அவனைப் படுக்கவைத்தாள். அதன்பிறகு அந்தக் கயிற்றைத் தொடத் திருமேனி யாரையும் விட்டதில்லை.

அவனுடைய கவி மேலே அகன்று, கீழே வரவரக் குறுகி, ஆணியாக ஒற்றை எழுத்தில் முடிந்தது. வரிகள் எல்லாம் நேர்க்கோடு.

ஆசான் பொறுமையாகப் படித்தார்.

"அளவு பிசகவில்லை. ஆனால், சுற்றாத பம்பரம் ஆணியில் நிற்குமா, திருமேனி? படுத்தல்லவா கிடக்கும்?"

திருமேனி தலைகுனிந்தான். அது எப்படிச் சுற்றும் என்பதே தனக்கு மறந்துவிட்டது என்றான்.

"கொடு, விட்டுப் பார்த்துவிட்டு எழுதலாம்."

ஆசான் கையை நீட்டினார். அவன் பம்பரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"அவிழ்ந்துவிட்டால் அடுத்த தடவை நான்தான் சுற்ற வேண்டும் ஐயா. இது அவன் சுற்றியது."

ஆசான் கையை மடக்கிக்கொண்டார். அவனருகே வந்து உட்கார்ந்தார். கயிற்றின் வரிசையை வெகுநேரம் பார்த்தார். ஒரு சுற்றுகூட ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை.

"எவ்வளவு அழகாகச் சுற்றியிருக்கிறான். எதற்காகச் சுற்றினான்?"

திருமேனி கயிற்றின் சுற்றுகளை விரலால் தடவினான். பிறகு எழுந்து முற்றத்துக்குப் போனான். கயிற்றின் நுனியை விரலில் மாட்டிக்கொண்டு வீசினான். பம்பரம் ஆணியில் நின்று உறுமியது. அது சாயும்வரை அங்கேயே குந்தியிருந்தான்.

திரும்பிவந்து புதுத் தாள் எடுத்தான். இந்தமுறை ஒரே வரி. ஆணியில் தொடங்கி, சுற்றிச் சுற்றி விரிந்துகொண்டே போனது.

அதைப் படிக்க ஆசான் தாளைத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பிக்கொண்டே இருந்தார். அவர் கையில் பம்பரம் சுழல்வதைத் திருமேனி பார்த்தான்.

"நன்றாக வந்திருக்கிறதா, ஐயா?"

"கொம்பையா சுற்றியதாயிற்றே" என்றார் ஆசான்.