ஊதிப்போன கம்பி

"இது கம்பியே இல்லை அம்மிணி, மோசடி!"

நாச்சிமுத்து கம்பி உருளையை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்ன, அடித்தார்.

நாற்பது வருஷம் லேத்தில் கடைந்த மனுசன். அளவு தப்பி ஒரு பொருள் திரும்பி வந்ததில்லை. இப்போது பெண்சாதி வள்ளியாத்தாளின் காதுக் கருவிக்குள் இருந்த சுருள் அறுந்துவிட்டது. தன் லேத்தில் தானே புதுச் சுருள் சுற்றிப் பார்த்தார். பதினோரு தடவை கெட்டது. ஒரு மாதமாக வள்ளியாத்தாளுக்கு எதுவும் காதில் விழவில்லை.

சுருள் சுற்றுவதில் அந்த ஊருக்கே சாந்தாமணிதான். அவளிடம் கற்றுக்கொள்ள வந்தார். கத்திக்கொண்டு வந்தார்.

"என்னங்ணா ஆகுது?"

"ஒரு சுத்து மேல இன்னொரு சுத்து ஏறுது. அறுந்து போகுது."

"சுத்துக்குச் சுத்து கம்பியை எவ்வளவு நகர்த்தறீங்க?"

"கம்பி கனம் எவ்வளவோ அவ்வளவு. நூறு சுத்துக்கு அஞ்சு மில்லிமீட்டர். என் மைக்ரோமீட்டர் பொய் சொல்லாது."

சாந்தாமணி ஒரு பென்சிலை நீட்டினாள்.

"இதுல நூறு சுத்துங்க. ஒட்டி ஒட்டி, ஏறாம."

பள்ளிக்கூடத்துப் பயலா அவர்? பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். ஸ்கேலை வைத்தார்.

ஆறு மில்லி.

மறுபடி சுற்றினார். ஆறு.

"பாத்தீங்களா? ஊதிப்போன கம்பி! வித்தவனை நிக்க வச்சுக் கேக்கணும்!"

"மைக்ரோமீட்டர்ல எப்படி அளந்தீங்க?"

"அழுக்கோட அளக்கற ஆளா நானு? நுனியைத் தீயில காட்டி, மேல இருந்த பூச்சைப் பொசுக்கி, தொடச்சு, செம்பு பளபளன்னு வந்தப்புறம் அளந்தேன்."

சாந்தாமணி ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"அப்ப சுருள் சுத்தறதும் பொசுக்குன கம்பியிலதானுங்களா?"

"அதெப்படி? பூச்சு போனா சுத்தும் சுத்தும் ஒட்டி, கரண்ட் குறுக்க பாஞ்சு, சுருளே செத்துப்போகுமே! பூச்சோடதான்..."

நாச்சிமுத்து பென்சிலைப் பார்த்தார். பூச்சுக்கும் கனம் உண்டு.

"ஆறு வைக்கட்டுமா?"

"ஆறே கால் வைங்க."

"ஆறுதானே வந்துச்சு?"

"அது உங்க கை. பாத்துப் பாத்து வச்சுது. மெஷினுக்குக் கண்ணில்லைங்ணா."

மெஷினை ஆறே காலில் வைத்துச் சுற்றினார். ஒன்றும் ஏறவில்லை.

மறுநாள் வள்ளியாத்தாள் கருவியை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நாச்சிமுத்து கூடத்தில் உட்கார்ந்து வாய்க்குள் முணுமுணுத்தார்.

"ஊதிப்போன கம்பியாம். கூறுகெட்டவன்."

அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"யாரைக் கூறுகெட்டவன்கிறீங்க?"

"என்னைத்தான்" என்றார்.