முதல் மாணவர் வாசலில் நின்ற கதை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் வம்பு வரும் என்பதால் நான் பெயர் சொல்லாத ஒரு நாட்டில், ராஜாவுக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. தம் வைத்தியக் கல்விச்சாலையில் ஒருவர்கூடத் தேர்வில் தோற்கக் கூடாதாம். தலைமை ஆசான் வாகீசர் அதை நடத்தியும் காட்டினார். நன்றாகச் சொல்லிக் கொடுத்து அல்ல. தோற்பான் என்று தோன்றியவனைத் தேர்வுக்கு முன்பே கழித்துக்கட்டினார். அதற்கென்று ஒரு விதி செய்து அரச முத்திரையும் வாங்கிவிட்டார். காலையில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லாதவன் தானாக விலகியவன். காரணம் கேட்கப்படாது. குறையிருந்தால் அவன் உள்ளே வந்து ஆசான் முன் நின்று சொல்லலாம். ஆனால் விலகியவன் உள்ளே வரக் கூடாது. இப்படியும் ஒரு விதியை மனிதன் யோசிப்பானா என்றால், யோசித்தார்.

நாகலிங்கம் என்றொரு மாணவன். அவன் ஊரில் வாந்திபேதி கண்டது. அங்கே வைத்தியர் கிடையாது. படித்ததை நம்பி ஓடினான், பல உயிரைக் காப்பாற்றினான், திரும்பி வந்தான். கதவு சாத்தியிருந்தது. படிப்பை முடிக்காமல் விலகியவன் நாடி பிடித்தால் தண்டனை என்பது அந்த நாட்டுச் சட்டம். அவனுடைய எதிர்காலமும், அவன் ஊருக்கு வரவிருந்த வைத்தியமும் அத்தோடு போயிற்று.

அரசவை விகடகவி மருதாண்டி, வாசலில் நின்றவனிடம் விசாரித்தார்.

"நான் எங்கய்யா விலகினேன்? நோயாளியப் பாக்கத்தானே போனேன். கூடப் படிக்கிறவன் எனக்காக 'உள்ளேன்'னு சொல்லியிருக்கான். அடுத்தவன் வாயால வந்த பதில் செல்லாதுன்னுட்டாங்க."

மருதாண்டிக்கு வயிறு எரிந்தது. துரத்துவதும் இவர்கள், தானாகப் போனான் என்று சொல்வதும் இவர்கள். நேரே சபைக்குப் போய் முறையிட்டார்.

வாகீசருக்கு மருதாண்டி என்றாலே ஆகாது. வாய்ப்பை விடுவாரா? "மகாராஜா, விதி அனைவருக்கும் ஒன்றே. கல்விச்சாலையின் மீது விகடகவிக்கு இத்தனை அக்கறை இருப்பதால், அவரையே வாயிற்காவலராக நியமியுங்கள். விலகியவர் ஒருவரை உள்ளே விட்டாலும் விகடகவி சபையை விட்டு நீங்க வேண்டும்."

"அவ்வாறே ஆகட்டும்" என்றார் ராஜா.

"யாராக இருந்தாலும் தடுக்கலாமா, பிரபு?" என்று கேட்டார் மருதாண்டி.

"யாராக இருந்தாலும்."

மருதாண்டி வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு காவலுக்குப் போனார். நாகலிங்கம் வந்து கெஞ்சியபோது அவனையும் தடுத்தார். வாகீசர் மாடத்திலிருந்து பார்த்துப் பூரித்தார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்விச்சாலையின் முதல் மாணவர் ராஜாதான். தினமும் அவர் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அவர் அரண்மனையில் இருக்க, "உள்ளேன்" என்று வாகீசரே பதில் சொல்லுவார். விஜயதசமியன்று மட்டும் ராஜா நேரில் வந்து மணலில் எழுதுவார்.

அந்த விஜயதசமிக்கும் மேளதாளத்தோடு வந்தார். மருதாண்டி கோலைக் குறுக்கே நீட்டினார்.

"பிரபு மன்னிக்க வேண்டும். நேற்றுப் பெயர் கூப்பிட்டபோது தாங்கள் இல்லை. தாங்கள் விலகியவர்."

வாகீசர் ஓடி வந்தார். "நான் பதில் சொன்னேனே."

"அடுத்தவர் வாயால் வந்த பதில் செல்லாது என்று தாங்கள்தானே சொன்னீர்கள், ஆசானே?"

ராஜாவின் முகம் சிவந்தது. "நேற்று எமக்குப் பல்வலி."

"காரணம் கேட்கும் அதிகாரம் எனக்கில்லை, பிரபு."

"எனில் எமது குறையைச் சொல்கிறோம்."

"உள்ளே வந்து சொல்ல வேண்டும்."

"வழியை விடு."

"விலகியவர் உள்ளே வரக் கூடாது."

மேளம் நின்றுவிட்டது. வெயிலில் ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"யாமா விலகினோம்? யாம் விலகியதாக யார் சொன்னது?" என்று கத்தினார் ராஜா.

மருதாண்டி, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற நாகலிங்கத்தைக் காட்டினார். "அவனும் இதே இடத்தில் நின்று இதையேதான் கேட்டான், பிரபு. அவன் கேட்டது யார் காதிலும் விழவில்லை."

ராஜா அவனைப் பார்த்தார், கோலைப் பார்த்தார், வாகீசரைப் பார்த்தார். முதலில் மீசை துடித்தது, பிறகு தொப்பை குலுங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வாசலிலேயே விதியை ரத்து செய்து, முத்துமாலையைக் கழற்றி மருதாண்டிக்குப் போட்டார். வெளியே அனுப்பப்பட்ட அத்தனை பேரையும் திரும்ப அழைக்க உத்தரவிட்டார். மருதாண்டி மட்டும் சிரிக்கவில்லை. நாகலிங்கம் உள்ளே போகும் வரை கோலைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

அந்த வருஷத் தேர்வில் நாகலிங்கம் ஒரு பாடத்தில் தோற்றான். வாகீசர் குதூகலமாக ராஜாவிடம் ஓடினார். "நான் சொன்னேன் அல்லவா, மகாராஜா? தோற்றுவிட்டான்."

"அதனாலென்ன, ஆசானே? அடுத்த முறை அவன் தேறும்படி சொல்லிக் கொடுங்கள். உமக்குச் சம்பளம் அதற்குத்தான்" என்றார் ராஜா.

அடுத்த முறை அவன் தேறினான்.