குரைக்காத துணை

ஏரிக்கரையை ஒட்டிய ஒரு கொய்யாத் தோப்பில் துரை என்றொரு ராஜபாளையம் நாய் காவல் இருந்தது. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, நெட்டைக் கால்கள். கேட் பக்கத்தில் அது எழுந்து நின்றாலே போகிறவர்கள் சாலையின் மறு ஓரத்துக்கு மாறிக்கொள்வார்கள்.

ஆனால் துரைக்குக் காது சரியாகக் கேட்காது.

முழுச் செவிடு இல்லை. பக்கத்தில் வந்து பேசினால் கேட்கும். தூரத்தில் ஒரு சருகு நசுங்கினால் கேட்காது. காவல் நாய்க்கு வேண்டியதோ அந்தச் சருகுச் சத்தம்தான்.

பிறகு எப்படிக் காவல் காத்தது? அதற்கு ஒரு வழி வைத்திருந்தது. வீட்டுப் பூனை சொக்கி காலையிலும் மாலையிலும் தண்ணீர்த் தொட்டி மேல் உட்காரும். துரை சொக்கியின் காதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். அந்தக் காது எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கம் பார்த்துக் குரைக்கும். அவ்வளவுதான்.

"என்னா காது பாரு இதுக்கு!" என்று தோப்புக்காரி சகாயராணி மெச்சுவாள். துரையும் கூசாமல் வாலை ஆட்டும்.

ஒருநாள் சகாயராணியின் புருஷன் இருதயம் சொன்னார்: "துரைக்கு வயசாகுது. கூட இன்னொரு நாய் இருந்தா நல்லது."

"இன்னொரு யானையா? இதுக்குச் சோறு வடிச்சே என் கை ஓஞ்சு போச்சு! சின்ன ஜாதியா பாருங்க."

"டவுன்ல ஒருத்தர் சின்ன நாய் ரெண்டு குடுக்குறாராம். ஒண்ணு நமக்கு, இன்னொண்ணு அடுத்த தோட்டத்து பவுல்ராஜுக்கு."

"அப்ப ரெண்டையும் கூட்டிட்டு வாங்க. துரை எதைச் சேத்துக்குதோ அதை வெச்சுக்குவோம். சேராததைக் கொண்டாந்து கட்டினா தினம் சண்டைதான்."

துரை இதைப் பக்கத்தில் படுத்துக் கேட்டது. அன்று மாலை சொக்கி தொட்டியிலிருந்து இறங்கி வந்தது.

"யோவ் துரை! குரைக்கிற நாயா பார்த்து எடு."

"ஏன்?"

"ஏனா? இத்தனை நாளா என் காதை வெச்சுத்தானே பிழைப்பை ஓட்டுறே? மத்தியானம் நான் பரண்ல தூங்கப் போயிடுறேன். அப்ப உனக்கு யாரு காது?"

துரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? நான் காது சொறிஞ்சாக்கூட நீ எழுந்து குரைக்கிறே!"

"யார்கிட்டயும் சொல்லிடாதே!"

"எனக்கு ஏன் அந்த வேலை?" என்று சொக்கி காலை நக்கிக்கொண்டே போய்விட்டது.

சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் துரையின் பயம் வேறு. டவுனுக்கு ஊசி போடப் போனபோது அது ஒரு நாயைப் பார்த்திருக்கிறது. ஒரு காலத்தில் அரிசி மில்லுக்குக் காவல் இருந்த நாய். கண் மங்கியதும் மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டிவிட்டார்கள். தண்ணீர்ச் சட்டி, ஒரு சாக்கு, வெயில். அது தெருவைக்கூட எட்டிப் பார்க்க முடியாத நீளத்துக்குச் சங்கிலி.

'குரைக்கிற நாய் வந்தால் எனக்கு முன்னால் அது குரைக்கும். அப்போது எனக்குக் கேட்கவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். பிறகு எனக்கும் மொட்டை மாடிதான்' என்று துரை கணக்குப் போட்டது.

நாய்கள் இரண்டும் வந்தன.

முதலாவது ஜிமிக்கி என்ற பொமரேனியன். பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. வண்டியிலிருந்து குதித்ததும் குரைக்க ஆரம்பித்தது. பட்டாம்பூச்சியைப் பார்த்துக் குரைத்தது. காற்றில் ஆடிய துண்டைப் பார்த்துக் குரைத்தது. தும்மிவிட்டு, அந்தத் தும்மலைப் பார்த்தும் குரைத்தது. குரைக்கும்போது அதன் முன்னங்கால் இரண்டும் தரையை விட்டு எழும்பும்.

"வணக்கம் பெரியவரே! நான் ஜிமிக்கி! யாரோ சைக்கிள்ல வர்றாங்க, அந்த வளைவுக்கு அந்தாண்ட! செயின் சத்தம் கேக்குதா? கேக்குதா?"

துரைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வளைவில் ஒரு சைக்கிள் வந்தது.

"அட! துரைக்கு முந்தியே இது குரைக்குதே!" என்றாள் சகாயராணி.

துரை "உர்ர்ர்..." என்று பல்லைக் காட்டியது.

"நான் என்ன பண்ணேன்?" என்று ஜிமிக்கி முழித்தது.

இரண்டாவது போண்டா என்ற பக். நசுங்கின மூக்கு, சுருட்டின வால். வந்ததும் நிழல் பார்த்துப் படுத்துக்கொண்டது.

"நீ குரைப்பியா?" என்று துரை கேட்டது.

"பழக்கமில்லண்ணே."

"திருடன் வந்தா?"

"வந்தா வரட்டும். அவனுக்கும் பசிக்கும்ல?"

துரை எழுந்து அதன் முகத்தை நக்கியது. வாலை அடி அடி என்று அடித்தது. "துரைக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்றார் இருதயம். போண்டா வீட்டுக்குள் போனது. ஜிமிக்கியைப் பவுல்ராஜ் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் அது அவர் செருப்பைப் பார்த்துக் குரைத்தது.

இதையெல்லாம் வாய்க்கால் மேட்டிலிருந்து ஒரு கீரி பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பூனைமேலும் ஒரு கண் இருந்தது. பூனை தொட்டிமேல் இருந்தால் நாய் குரைக்கிறது, பூனை இல்லாவிட்டால் நாய் சும்மா கிடக்கிறது. இது ஏன்?

ஒரு மத்தியானம் கீரி வேலிக்குள் நுழைந்தது. துரைக்குப் பின்னால் வந்து நின்றது. ஒரு காய்ந்த குச்சியை ஒடித்தது. துரை திரும்பவில்லை. இன்னொரு குச்சியை ஒடித்தது. துரை கொட்டாவி விட்டது.

கீரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'ஒண்ணுக்குக் கேட்காது. இன்னொண்ணு பேசாது. நல்ல ஜோடி!' என்று நினைத்துக்கொண்டு, தோப்பில் மேய்ந்த கோழிக்குஞ்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது.

புள்ளிக்கோழி ஓடி வந்தது. "அண்ணே! என் பிள்ளையில ஒண்ணைக் காணோம்! நீ இங்கதானே படுத்திருந்தே? ஒரு சத்தமும் கேக்கலையா?"

துரை முகர்ந்து பார்த்தது. மூக்கு நன்றாகத்தான் இருந்தது. கீரி வாடை. பக்கத்தில் ஒடிந்த குச்சிகள். கீரி என்று சொன்னால், உன் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து போயிருக்கிறதே, உனக்குக் கேட்கவில்லையா என்று கோழி கேட்கும்.

"பருந்து" என்றது துரை. "மேலேர்ந்து வந்துச்சு. மேலேர்ந்து வர்றதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

பொய். சுத்தப் பொய்.

கோழி நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? மிச்சக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வேலியோரத்து உண்ணிச்செடிப் புதருக்குள் குடிபோனது. "மேலே கூரை மாதிரி மூடியிருக்கு. இனிமே பருந்து வரட்டும் பார்க்கலாம்!" என்றது.

அந்தப் புதர் கீரியின் வாசல்படி மாதிரி. அது துரைக்குத் தெரியும். 'அங்கே போகாதே' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் பருந்துக் கதை உடைந்துவிடும். வாயை மூடிக்கொண்டது.

சும்மாவும் இருக்க முடியவில்லை. மறுநாள் மத்தியானம் போண்டாவை எழுப்பியது.

"போண்டா, புதருக்கு அந்தப் பக்கம் நீ உக்காரு. இந்தப் பக்கம் நான். எதாவது வந்தா ஒரு குரை போதும்."

போண்டா நல்ல நாய்தான். எழுந்து வெயிலில் இறங்கியது. பத்தடி போவதற்குள் அதற்கு மூச்சு வாங்கியது. "அண்ணே, என் மூக்கைப் பாருங்க. பாதி முகத்துக்குள்ளயே இருக்கு. இந்த வெயில்ல என்னால மூச்சு விட முடியல. செத்துருவேண்ணே!"

அது ஃபேன் காற்றுக்குத் திரும்பிவிட்டது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. அது காவலுக்கு வருகிறேன் என்று சொல்லவே இல்லை.

துரை புதருக்கு இந்தப் பக்கம் படுத்தது. கீரி அந்தப் பக்கமாக வந்தது. இன்னொரு குஞ்சு போனது. அதற்கடுத்த நாளும் ஒன்று போனது. கடைசியில் புள்ளிக்கோழியே கண்ணால் பார்த்துவிட்டது. அது போட்ட கூச்சலில் இருதயம் சாப்பிட்ட கையோடு வெளியே ஓடி வந்தார். கீரி வாயில் குஞ்சோடு வேலி தாண்டுவதையும், துரை எதிர்ப்பக்கம் பார்த்து நிற்பதையும் பார்த்தார்.

"கீரி தூக்கிட்டுப் போகுது, இது வேடிக்கை பார்த்துட்டு நிக்குது! இது எதுக்கு இனிமே? நாளைக்குக் காய் ஏத்த வர்ற வண்டியிலயே ஏத்தி விட்டுடுறேன். டவுன்ல அண்ணன் வீட்டு மாடி சும்மாதான் கிடக்கு. சங்கிலியில கட்டிப் போடட்டும்."

எதற்குப் பயந்து இத்தனையும் செய்ததோ, அதுவே வந்துவிட்டது.

துரை கோழியிடம் போனது. "எனக்குக் காது கேக்கலை. அதான் விஷயம். அன்னைக்கே கீரின்னு தெரியும்" என்றது.

கோழி குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. பிறகு சொன்னது: "கேக்கலைன்னு முதல் நாளே சொல்லியிருந்தா, நான் என் காதை வெச்சுக் காத்திருப்பேன். நீ பருந்துன்னே. நான் வானத்தையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன்."

அவ்வளவுதான். மிச்சமிருந்த இரண்டு குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

துரை வேலிக்கு அந்தாண்ட, பவுல்ராஜ் தோட்டத்துக்குப் போனது. ஜிமிக்கி ஒரு விழுந்த தென்னை மட்டையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"ஜிமிக்கி, ஒரு உதவி வேணும்."

"யாரு? உர்ருன்னாரே, அந்தப் பெரியவரா?"

"நான்தான். உன்னைப் பிடிக்காம உறுமல. நீ வந்தா என் குட்டு வெளிப்பட்டுடும்னு உறுமினேன். எனக்குக் காது போயிடுச்சு."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! எனக்குக் கேக்குறதெல்லாம் ரொம்ப ஜாஸ்தி. பாதியைத் தள்ளி விட இடம் இல்லாமத்தான் கத்திட்டே இருக்கேன்!" என்றது ஜிமிக்கி. "சரி, என்ன பண்ணணும்?"

"தூரத்துல குரைச்சா எனக்குக் கேக்காது. நான் பார்க்குற இடத்துல நின்னு குரை. நீ குரைக்கிறப்ப உன் முன்னங்கால் எழும்பும். அது எனக்குத் தெரியும். நீ எந்தப் பக்கம் எழும்புறியோ அந்தப் பக்கம் நான் பாயுறேன். ஆனா ஒண்ணு. பட்டாம்பூச்சிக்கெல்லாம் எழும்பக் கூடாது!"

"ரொம்பக் கஷ்டம். முயற்சி பண்றேன்."

மறுநாள் மத்தியானம். காய் ஏற்றும் வண்டி கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. இருதயம் சங்கிலியைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார். ஜிமிக்கி வேலி தாண்டி வந்து துணி துவைக்கிற கல் மேல் ஏறி நின்றது. ஒரு பட்டாம்பூச்சி அதன் மூக்குக்கு நேராகவே வந்தது. ஜிமிக்கி கண்ணை இறுக மூடிக்கொண்டது. உடம்பெல்லாம் நடுங்கியது. ஆனாலும் குரைக்கவில்லை.

அப்போது உண்ணிச்செடிக்குப் பின்னால் ஒரு சருகு நசுங்கியது.

ஜிமிக்கி எழும்பியது!

கீரி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. "என் அளவுகூட இல்லை நீ! நீயா என்னைக் கடிக்கப் போறே?"

"நான் கடிக்க வரலையே. கூப்பிடத்தான் வந்தேன்!" என்றது ஜிமிக்கி.

கீரி திரும்புவதற்குள் துரை அதன் மேல் இருந்தது. நெட்டைக் கால்கள் எதற்கு இருக்கின்றன என்று அன்று எல்லாரும் பார்த்தார்கள். கீரி பாதி வாலைத் துரையின் வாயிலேயே விட்டுவிட்டு, ஏரியைச் சுற்றிக்கொண்டு வேறு ஊருக்கு ஓடியது.

இருதயம் சங்கிலியோடு அப்படியே நின்றார். சகாயராணிதான் முதலில் யோசித்தாள். துரைக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்று கையைத் தட்டினாள். ஜிமிக்கி வெடுக்கென்று திரும்பியது. துரை திரும்பவில்லை.

"அடப்பாவி!" என்றாள். "உனக்குக் காது போச்சாடா? இது தெரியாம நான் உன் காதைப் பத்தி ஊரெல்லாம் பெருமை அடிச்சிட்டு இருந்தேனே!"

"காது போன நாயை வெச்சுட்டு என்ன பண்ண?" என்றார் இருதயம்.

"அதான் காது கல்லு மேல நிக்குதே! சங்கிலியை உள்ள வைங்க."

வண்டி கொய்யாக்காயை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. பவுல்ராஜுக்கு ஜிமிக்கியின் சத்தத்தில் தூக்கமே இல்லாமல் இருந்தது. போண்டாவுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று இருதயம் கேட்டதும் அவரே ஜிமிக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். போண்டா இப்போது அவர் வீட்டு ஃபேனுக்கடியில் அவரோடு சேர்ந்து குறட்டை விடுகிறது. சொக்கியும் நிம்மதியாகக் காது சொறிந்துகொள்கிறது.

புள்ளிக்கோழி மட்டும் துரையோடு பேசுவதில்லை. போன குஞ்சுகள் போனதுதான். துரை அதன் பக்கம் போகும்போதெல்லாம் தலையைத் தாழ்த்திக்கொண்டு போகும்.

உன் குறையை மறைத்து வைக்கத் தோதான துணையைத் தேடாதே, அந்தக் குறையை ஈடுகட்டுகிற துணையைத் தேடு.