வலிக்கு இரண்டு சைகை

அமலோற்பவம் திருச்சியில் காது கேளாத குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்றபின் சைகைமொழிக்கு ஓர் அகராதி செய்யத் தொடங்கினார். சொல்லுக்கு ஒரு சின்ன வீடியோ. இணையத்தில் ஏற்றிவிட்டால் யாரும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், விடுபட்ட சொல்லைச் சேர்க்கலாம்.

வீடியோக்கள் சேர்ந்துவிட்டன. எந்த மென்பொருளில் ஏற்றுவது என்பதில் மாதக்கணக்காக நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் காரைக்காலுக்குப் போனார். அங்கே மெஹருன்னிசா தன் வீட்டு மாடியில், யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள்களைக் கற்றுத்தந்துகொண்டிருந்தார். அமலோற்பவத்தைவிட வயதில் மிகவும் இளையவர். ஆனாலும் அமலோற்பவம் அவரைக் குரு என்றே அழைப்பார். விளையாட்டாகத் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது.

"குருவே, மூணு மென்பொருள் பார்த்து வெச்சிருக்கேன். மூணுமே நீங்க சொல்ற கட்டற்ற வகைதான். ஒண்ணு ரொம்பப் பிரபலம். ஒண்ணு ரொம்ப வேகம். மூணாவது சின்னது, பாதி பொத்தான் வேலை செய்யலை. அதை விட்டுடலாம். மத்த ரெண்டுல எது?"

மெஹருன்னிசா தேநீரை ஆற்றி அவர் முன் வைத்தார்.

"யார் காத்திருக்காங்க, டீச்சரம்மா?"

"புதுக்கோட்டையில சிவகாமின்னு ஒரு பொண்ணு. நாலு வயசுப் பையன், காது கேட்காது. போன வாரம் காய்ச்சல்ல துடிச்சிருக்கான். எங்க வலிக்குதுன்னு அவனுக்குச் சொல்லத் தெரியலை, இவளுக்குக் கேட்கத் தெரியலை. டாக்டர் வாயைத் திறந்து பார்த்தா, பல்லுல சீழ்."

"வலிக்கான வீடியோவை அனுப்பினீங்களா?"

"அன்னைக்கே அனுப்பிட்டேன். அதுலயும் ஒரு குழப்பம். எங்க பள்ளிக்கூடத்துல வலிக்கு ஒரு சைகை. அவ வீட்டுக்காரருக்கு நாகர்கோவில். அவரோட தங்கச்சிக்கும் காது கேட்காது. காய்ச்சல்னு கேட்டு வந்த அந்த அத்தை இவனுக்கு வேற சைகை காட்டுறாளாம். எது சரின்னு கேட்கிறா."

"என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? எனக்கே தெரியலை."

"அதையே மென்பொருள்காரங்க மூணு பேருக்கும் எழுதுங்க. ஒரு சொல்லுக்கு ரெண்டு சைகை இருக்கு, என்ன செய்யறதுன்னு."

"அவங்களுக்குச் சைகைமொழியே தெரியாதே."

"தெரியாதுதான்."

அமலோற்பவத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. எது நல்லது என்று கேட்க வந்தால், இன்னும் மூன்று பேரைக் கேட்கச் சொல்லி அனுப்புகிறாரே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வருத்தமாக இருந்தது. ஆனாலும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று இடத்துக்கும் எழுதினார்.

மறுபடி மாடி ஏறி வந்தபோது அவர் முகம் முன்பைவிட வாடியிருந்தது.

"பிரபலமானவங்க உடனே எழுதினாங்க. ஒரு சொல்லுக்கு ஒரு வீடியோதான் ஏத்த முடியும், சரியானதைத் தேர்ந்தெடுங்கன்னு. வேகமானவங்க விளக்கப் பக்கத்தோட இணைப்பை அனுப்பினாங்க. முழுசாப் படிச்சேன். என் கேள்வி அதுல இல்லை."

"சின்னது?"

"அதை ரெண்டு மூணு பேர்தான் செய்றாங்க போல. ஒருத்தர் எழுதினார். 'இதை நாங்க யோசிக்கவே இல்லை. எப்படிச் செய்யறதுன்னு எனக்கும் தெரியலை. ரெண்டு சைகையையும் காட்ட முடியுமா?' காட்டினேன். அடுத்து, ஒரே வீட்டுல ரெண்டும் இருந்தா குழந்தை எதைச் செய்யும்னு கேட்டு எழுதினார்."

"எதைச் செய்யுதாம்?"

"சிவகாமிக்கு போன் போட்டேன். 'அத்தைகிட்ட அதைச் செய்றான், எங்கிட்ட இதைச் செய்றான், அவனுக்கு ஒரு குழப்பமும் இல்லை டீச்சர்'னு சிரிக்கிறா. அதை அப்படியே எழுதி அனுப்பினேன்."

"அப்புறம்?"

"அப்புறம்தான் வினை. சொல்லுக்கு ஒரு வீடியோன்னு இருந்ததை மாத்துறோம்னு மென்பொருளையே பிரிச்சுப் போட்டுட்டாங்க. இப்ப ஒரு வீடியோகூட ஏற மாட்டேங்குது. கொஞ்சம் பொறுங்க, நடுவுல இன்னும் சிலது கேட்போம்கிறாங்க."

மெஹருன்னிசா தலையசைத்தார்.



"ரெண்டுல எதுன்னு கேட்க வந்தேன், குருவே. இப்ப எனக்கு எதுவுமே புரியலை. மத்த ரெண்டு பேரும் தெளிவா இருக்காங்க. இந்த ஆள் தனக்கே தெரியலைங்கறார். இவரை நம்பி சிவகாமி மாதிரி அத்தனை தாய்மாரோட காரியத்தை எப்படி விடுறது?"

"மத்த ரெண்டு பேரும் பதில் சொல்லிட்டாங்க, டீச்சரம்மா" என்றார் மெஹருன்னிசா. "இவர் கேட்டிருக்கார்."