வாசலில் சொன்ன டி.சி.

கனகசபைக்கு அறுபத்து மூன்று வயது. அவருடைய குரு வடிவாம்பாளுக்கு நாற்பத்தொன்று. சிறுமலை அடிவாரத்து மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் கனகசபையின் காலில் விழப் போவார்கள். அவர் பதறிப்போய், கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் வடிவாம்பாள் அம்மாவைக் கைகாட்டுவார்.

தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொல்லைச் சுருக்கியே பழகிய மனுஷன். கனடாவில் இருக்கும் மகள், குடும்பத்துக்கென்று ஒரு வாட்ஸப் குழு தொடங்கியதும் அவருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. பேரப்பிள்ளைகள் எழுதுகிற சுருக்கமெல்லாம் முதலில் அவர் விரலுக்கு வந்தது. பிறகு வாய்க்கும் வந்துவிட்டது.

காலையில் எதிர்ப்பட்டவர்களிடம் குட்மார்னிங்குக்குப் பதிலாக "ஜி.எம்." என்பார். ஒருமுறை நெல் வியாபாரி ஒருவர், "எந்தக் கம்பெனிக்குங்க ஜி.எம்.?" என்று எழுந்தே நின்றுவிட்டார். சிரிப்பு வந்தால் சிரிக்க மாட்டார், "எல்.ஓ.எல்." என்பார். முகம் மட்டும் அப்படியே இருக்கும்.

அம்மா அதற்கு ஒன்றும் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "வாய் அவருடையது" என்பார்.

மடத்தில் சமையல் இருளப்பன். பன்னிரண்டு வருஷமாக அவர் கைச் சோறுதான். மாசி மாதம் அக்கா பேத்திக்குக் காதுகுத்து என்று நான்கு நாள் ஊருக்குக் கிளம்பினார். முந்தின நாள்தான் சாம்பார் அடிபிடித்து, கனகசபை முகம் சுளித்திருந்தார். மடத்தின் சாவியும் பதிவேடும் கனகசபையிடம் இருந்ததால், இருளப்பன் அவரிடம் வந்து சொல்லிக்கொண்டார்.

"போயிட்டு வர்றேன் ஐயா."

கனகசபை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஓகே. டி.சி."

இருளப்பன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்கு நாள் பதினோரு நாளானது. அதுவரை ரசம் வைத்தது கனகசபை. அந்த ரசத்தைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

பதினோராம் நாள் போனில் இருளப்பனின் குரல்பதிவு வந்து சேர்ந்தது. கனகசபை அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினார்.

"ஐயா, என் கம்பளியும் வெத்தலப் பெட்டியும் அடுப்படி அலமாரில இருக்கு. இந்தப் பக்கம் யாராச்சும் வந்தா குடுத்துவிடுங்க. எட்டாவதுல ஹெட்மாஸ்டர் டி.சி. குடுத்து அனுப்பினப்பவும் நான் ஏன்னு கேக்கல. இப்பவும் கேக்கல. சாம்பார் அடிபிடிச்சது என் தப்புதான். அம்மாகிட்ட சொல்லிருங்க."

கனகசபைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டேக் கேர்ங்கிறதைத்தான் டி.சி.ன்னு சொன்னேன்மா. உடம்பைப் பாத்துக்கங்கன்னு அர்த்தம். இந்த மனுஷன் பள்ளிக்கூடத்து டி.சி.ன்னு நினைச்சுட்டார்."

"அவர் என்ன சொல்லிட்டுக் கிளம்பினார்?"

"போயிட்டு வர்றேன்னார்."

"அதுக்கு நீங்க டி.சி.ன்னீங்க."

கனகசபை போனைக் கவிழ்த்து வைத்தார்.

"போய்க் கூட்டிட்டு வாங்க" என்றார் அம்மா.

"போன்லயே சொல்லிப் புரிய வெச்சிடுறேனே."

"போனைப் பாத்துக்கிட்டே சொன்னது போதும்."

மறுநாள் காலை பஸ் வந்து நின்றது. அம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வர்றேன்மா" என்றார் கனகசபை.

அம்மா நிமிரவில்லை.

"ஓகே. டி.சி."

கனகசபை பஸ்ஸில் ஏறாமல் நின்றார். அந்த இரண்டெழுத்துக்கு நேற்று அர்த்தம் சொன்னவரே அவர்தான். அப்படியிருந்தும், அம்மா மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று பார்த்தார். விளக்குமாற்றுச் சத்தம்தான் கேட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

உசிலம்பட்டி தாண்டி இரண்டு மணி நேரப் பயணம். அம்மா விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா? வழியில் மகள் குழுவில் என்னவோ அனுப்பினாள். அவர் பிரித்துப் பார்க்கவில்லை.

இருளப்பன் அக்கா வீட்டு முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். கனகசபையைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"கம்பளிய நீங்களே எடுத்துட்டு வந்தீங்களா ஐயா?"

கனகசபை விஷயத்தைச் சொன்னார். இருளப்பன் தலையாட்டிக் கேட்டார்.

"இப்பப் புரியுதுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்து புளியை எடுத்தார்.

"அப்பக் கிளம்புவோம்."

"அன்னிக்கு எனக்கு இது தெரியாதேய்யா. பதினோரு நாளா வெளிய அனுப்பின ஆளாத்தான் படுத்து எந்திரிச்சிருக்கேன். இனி அங்க வந்து கரண்டியப் பிடிச்சா கை ஓடாது. அன்னிக்கே முழுசாச் சொல்லியிருக்கலாம்ல?"

"சுருக்கமாச் சொன்னா நேரம் மிச்சம்னு..."

"மிச்சமான நேரத்துல என்ன செஞ்சீங்க?"

குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கனகசபையும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழத்தை எடுத்து உடைத்தார். கொட்டை எங்கேயோ தெறித்து ஓடியது.

"காலையில அம்மா எனக்கும் டி.சி. குடுத்துட்டாங்க இருளப்பன்."

இருளப்பனின் கை நின்றது.

"உங்களுக்கா? எதுக்கு?"

"தெரியலை."

"ஏன்னு கேக்கலையா?"

"நீங்க கேட்டீங்களா?"

இருளப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். நிஜமாகவே வாடித்தான் இருந்தது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் எங்க போனாலும் நாலு பேருக்குச் சோறு வடிச்சுப் பொழைச்சுக்குவேன். உங்க ரசத்தை நம்பி நீங்க எங்க போவீங்க? எந்திரிங்க. ரெண்டு பேருமாப் போய்க் கேட்டுருவோம்."

பொழுது சாய்கிற நேரம் இருவரும் மடத்து வாசலில் இறங்கினார்கள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் இருளப்பன் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். அம்மா வெளியே வந்தார்.

"வாங்கண்ணே. காதுகுத்து நல்லா நடந்துச்சா? அடுப்பு பத்த மாட்டேங்குது, என்னன்னு பாருங்க."

இருளப்பன் பையை வாசலிலேயே வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

கனகசபை வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"அம்மா, காலையில எனக்குச் சொன்னீங்களே. அது எந்த டி.சி.?"

"என்னை ஏன் கேக்குறீங்க? காதுல கேட்டது நீங்கதானே."

அம்மா விளக்கேற்றப் போய்விட்டார். கதவு திறந்துதான் இருந்தது. கனகசபை உள்ளே கால் வைக்கவில்லை.

அடுப்படிப் புகைக்குள்ளிருந்து இருளப்பன் எட்டிப் பார்த்தார்.

"அங்கேயே என்ன ஐயா நிக்கிறீங்க? வாங்க, வந்து வெங்காயம் உரிங்க."